ஆயிரத்தில் முப்பத்து மூன்று பேர்: அமெரிக்க லத்தீனோக்களும் இ-சிகரெட்டும்

அமெரிக்க அரசின் தேசியச் சுகாதாரப் புள்ளியியல் மையம் 2021-இல் எடுத்த கணக்கு இது. அந்த நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 4.5 சதவீதம் பேர் இ-சிகரெட் பிடிக்கிறார்கள். மக்கள் பிரிவு வாரியாகப் பார்த்தால் வெள்ளையர்களில் 5.2, லத்தீனோக்களில் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) 3.3, ஆசியர்களில் 2.9, கறுப்பினத்தவரில் 2.4. இதைப் படித்ததும் லத்தீனோக்களிடம் இந்தப் பழக்கம் குறைவுதான் என்று பக்கத்தைத் திருப்பிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் திருப்பினேன்.

3.3 சதவீதம் என்றால் ஆயிரம் பேரில் 33 பேர். அந்த 33 பேர் யார்? எந்த வயது? எங்கே பிறந்தவர்கள்? சிகரெட்டை விடுவதற்காகப் பிடிக்கிறார்களா, சிகரெட்டையே தொடாதவர்களா? இந்தக் கேள்விகளுக்குள் இறங்கினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் பிறக்கும். முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் இதற்கு 2019-இலேயே தடை வந்துவிட்டதால் நம்மில் பலர் இதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பென்டிரைவ் அளவில் இருக்கும் ஒரு கருவியைக் கழற்றினால் உள்ளே பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. சிறிய லித்தியம் பேட்டரி, அதோடு இணைந்த மெல்லிய உலோகச் சுருள், சுருளை ஒட்டிப் பஞ்சு, பஞ்சை நனைத்துக்கொண்டிருக்கும் திரவம். அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறதே, அதே வேலையைத்தான் இந்தப் பஞ்சு செய்கிறது. ஆனால் திரியின் நுனியில் தீ எரியும். இங்கே தீ கிடையாது. வாயில் வைத்து இழுத்ததும் காற்றின் ஓட்டத்தை ஒரு சென்சார் உணர்ந்து பேட்டரியை இயக்கும். சுருள் சூடாகும். பஞ்சிலுள்ள திரவம் நுண்துளிகளாகி நெஞ்சுக்குள் போகும். வெளியே விடும்போது வெண்புகை போலத் தெரிவது அந்தத் துளிகள்தான்.

திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மாம்பழம், புதினா என்று ஏதாவதொரு மணத்துக்கான வாசனைப்பொருள், கூடவே நிகோடின். புகையிலை எரிவதில்லை என்பதால் சிகரெட்டில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் அந்த அளவுக்கு வருவதில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வருடக்கணக்கில் சிகரெட் பிடித்த ஒருவர் அதை அடியோடு விட்டுவிட்டு இதற்கு மாறினால் அவர் நுரையீரலுக்குள் போகும் நச்சு குறையும். அதற்காக இதை வெறும் நீராவி என்று நம்பிவிடக் கூடாது. சூடாகும் சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் நுண்ணிய அளவில் கலக்கின்றன. அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. நிகோடின் எந்த வழியில் போனாலும் நிகோடின்தான், அடிமைப்படுத்தும்.

2003-இல் இந்தக் கருவியின் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளர். அவரே சிகரெட் பழக்கத்தில் இருந்தவர், அதிலிருந்து வெளியேற வழி தேடியவர். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2015-இல் ஜூல் என்ற பிராண்டு வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். லத்தீனோக்களின் கதையில் அது முக்கியமான இடம்.

இப்போது லத்தீனோ என்ற பெயருக்கு வருவோம். ஹிஸ்பானியர், லத்தீனோ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே எழுதுகிறார்கள். ஹிஸ்பானியர் என்பது ஸ்பானிய மொழியை வைத்து வந்த பெயர். லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்க நிலப்பரப்பை வைத்து வந்தது. ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானியர், ஆனால் லத்தீனோ அல்ல. போர்ச்சுகீசு பேசும் பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானியர் அல்ல. மெக்சிகோக்காரரும் கியூபாக்காரரும் இரண்டுக்குள்ளும் வருவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இவர்கள் 6.21 கோடிப் பேர், மொத்த மக்களில் 18.7 சதவீதம்.

இது ஒரு இனம் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1977-இல் அமெரிக்க நிர்வாகம் புள்ளிவிவர வசதிக்காக வகுத்த பிரிவு இது. கணக்கெடுப்புப் படிவத்தில் 'நீங்கள் ஹிஸ்பானிய, லத்தீனோ அல்லது ஸ்பானிய வழிவந்தவரா?' என்று தனியாக ஒரு கேள்வி இருக்கும். 'இல்லை', 'ஆம், மெக்சிகோ', 'ஆம், போர்ட்டோ ரிக்கோ', 'ஆம், கியூபா', 'ஆம், வேறு' என்று கட்டங்கள் இருக்கும். டிக் அடித்த அத்தனை பேரும் ஒரே தலைப்புக்குக் கீழ் போய்ச் சேர்கிறார்கள். டெக்சாஸில் ஐந்து தலைமுறையாக வாழும் குடும்பமும் அதில்தான், போன வருடம் குவாத்தமாலாவிலிருந்து வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளியும் அதில்தான். மேலே சொன்ன ஆசியர் 2.9 சதவீதத்தில் நியூ ஜெர்சியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் சீனரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஒன்றாகக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒற்றை எண் மயிலாப்பூரிலிருந்து போனவரைப் பற்றி எதையாவது சொல்கிறதா?

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சிகரெட் கணக்கே நல்ல சாட்சி. 2008 முதல் 2011 வரை பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 18 முதல் 74 வயது வரையிலான 16,415 லத்தீனோக்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அதில் போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்களில் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிகரெட் பிடிப்பவர். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்களில் பத்தில் ஒருவர் சுமாருக்குத்தான். இரண்டு இடங்களும் கரீபியக் கடலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இரண்டிலும் பேசுவது ஸ்பானியம். அப்படியிருந்தும் மூன்று மடங்கு வித்தியாசம். இந்த இருவரையும் சேர்த்துச் சராசரி போட்டால் வரும் எண் இருவரில் யாரையும் காட்டாது.

(புகையிலைக்கும் அந்தக் கடலுக்கும் பழைய உறவு. 'தபாக்கோ' என்ற சொல்லே அங்கு வாழ்ந்த தாயீனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியத்துக்குப் போனதாகப் பொதுவாகச் சொல்வார்கள். 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாவில் இலையைச் சுருட்டிப் புகைப்பவர்களைப் பார்த்தார்கள். உலகமெங்கும் அந்த இலை பரவியது அதற்குப் பிறகுதான்.)

இ-சிகரெட் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பது. கணக்கெடுக்க வருபவர் முதலில் 'ஒரே ஒரு தடவையாவது இ-சிகரெட் பிடித்ததுண்டா?' என்று கேட்பார். ஆம் என்றால், 'இப்போது தினமும் பிடிக்கிறீர்களா, சில நாட்கள் மட்டுமா, அல்லது இல்லவே இல்லையா?' என்பது அடுத்த கேள்வி. தினமும் என்றாலும் சில நாட்கள் என்றாலும் அவர் 'தற்போது பிடிப்பவர்'. காலை எழுந்ததும் கருவியைத் தேடும் ஆளும், சனிக்கிழமை விருந்தில் நண்பனிடம் வாங்கி இரண்டு இழுப்பு இழுக்கும் பெண்ணும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். எந்தக் கணக்கைப் படித்தாலும் 'ஒரு தடவையாவது' என்கிற எண்ணா, 'தற்போது' என்கிற எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். முதல் எண் எப்போதும் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பதறுகிற செய்திகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது வயது. நாடு முழுக்க எடுத்த அதே 2021 கணக்கில் 18 முதல் 24 வயது வரையிலானவர்களில் 11 சதவீதம் பேர் இ-சிகரெட் பிடித்தார்கள். மொத்தச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இது இளசுகளின் பழக்கம். லத்தீனோக்களோ அமெரிக்காவில் இளமையான சமூகம். அவர்களின் நடு வயது (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் அதற்கு மேலே) சுமார் 30, நாட்டின் நடு வயது 38-ஐத் தாண்டியது. இளைஞர்கள் அதிகமாக இருக்கும் கூட்டத்தில் இளைஞர்களின் பழக்கம் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் குறைவாக இருக்கிறது. ஏதோ ஒன்று அவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றில் பெரும்பங்கு, வெளிநாட்டில் பிறந்து வந்தவர்கள். லத்தீனோக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர். வந்தவர்களைவிட அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும், ஸ்பானியத்திலேயே புழங்குபவர்களைவிட ஆங்கிலத்தில் புழங்குபவர்களிடமும் இ-சிகரெட் பழக்கம் கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆய்வாளர்கள் இதைப் பண்பாட்டேற்பு என்கிறார்கள். வந்து சேர்ந்த ஊரின் பழக்கவழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்வது. பெண்களிடம் இந்த மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும். மெக்சிகோவில் பிறந்த பெண்களிடம் புகைப்பழக்கம் மிகக் குறைவு. அமெரிக்காவில் பிறந்த பேத்திகளிடம் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சான் டியேகோவில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. பாட்டி மெக்சிகோவின் ஹலிஸ்கோவில் பிறந்தவர், வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இப்படிக் கட்டுப்பாடு வைத்திருக்கும் லத்தீனோ வீடுகள் ஏராளம். மகனுக்கு ஐம்பது வயது. வேலை முடிந்து வரும்போது காருக்குப் பக்கத்தில் நின்று ஒன்றோ இரண்டோ சிகரெட். இருபது வயதுப் பேரன் குளியலறைக்குப் போய்வருகிறான். வெளியே வரும்போது லேசாக மாம்பழ வாசனை. அதை யாரும் சந்தேகிக்கப் போவதில்லை, சட்டையில் ஒட்டாது, இரண்டு நிமிடத்தில் காணாமல் போய்விடும். பெரியவர்கள் முன்னால் புகைப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம் சிகரெட்டைத் தடுத்தது. மரியாதையை ஸ்பானியத்தில் 'ரெஸ்பேத்தோ' என்பார்கள். அந்தக் குடும்பங்களில் அது கனமான சொல். வாசனை மறைந்துவிடும் ஒரு கருவிக்கு முன்னால் அந்தக் காவல் தோற்றுப்போகிறது. கணக்கெடுப்பவர் வந்தால் இந்த மூவரும் லத்தீனோ. பேரன் மட்டும்தான் அந்த 33 பேரில் சேர்வான்.

அந்த அப்பாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு மனதை உறுத்தும் இடம் அதுதான்.

லத்தீனோக்களில் சிகரெட் பிடிப்பவர்களே குறைவு, 2021-இல் 7.7 சதவீதம், நாட்டின் சராசரி 11.5. பிடிப்பவர்களிலும் பலர் ஒரு நாளைக்கு நான்கைந்து, அல்லது சில நாட்கள் மட்டும் என்று அளவாகப் பிடிப்பவர்கள். அப்படிப்பட்டவர் தன்னைப் 'புகைப்பவன்' என்றே நினைப்பதில்லை. மருத்துவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு என்று 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இருபதில் ஒன்றுதானே, ஆபத்தும் இருபதில் ஒன்றுதான் என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

இங்கேதான் ஜூல் வருகிறது. பழைய இ-சிகரெட்டில் நிகோடினைக் கூட்டினால் தொண்டை எரியும், இருமல் வரும். அந்த எரிச்சலே ஒரு தடுப்பாக இருந்தது. ஜூல் நிறுவனம் நிகோடினோடு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து அதை உப்பாக மாற்றியது. காரத்தன்மை குறைந்தது, எரிச்சல் போனது. இனி அதிக நிகோடினையும் வலிக்காமல் உள்ளே இழுக்கலாம். 5 சதவீத நிகோடின் கொண்ட 0.7 மில்லி பாட் (திரவம் அடைத்த சின்னக் குப்பி) ஒன்று, நிறுவனமே சொன்ன கணக்குப்படி, ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம். பின்னால் வந்த யூஸ் அண்ட் த்ரோ வகைகள் பலவும் இதே வழியைத்தான் பின்பற்றின.

தினம் ஒரு பாக்கெட் ஊதித்தள்ளுபவருக்கு இது மாற்று. தினம் மூன்று சிகரெட் பிடிக்கும் அந்த அப்பாவுக்கு? சிகரெட் தீர்ந்தால் அணைந்துவிடும். அடுத்ததைப் பற்றவைக்க வெளியே போக வேண்டும், தீப்பெட்டி தேட வேண்டும். இது பையிலேயே இருக்கும், அணையாது, முடிவு என்று ஒன்று கிடையாது. ஒரு பாட் தீர எல்லாருக்கும் ஒரே நாள் ஆகாது, சிலருக்கு ஒரு வாரம் வரும். ஆனாலும் குறைவாகப் பிடிப்பவருக்கு நிகோடின் குறைவதற்குப் பதில் கூடிவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது. குளியலறையிலிருந்து வந்த பேரனுக்கோ இது மாற்றே இல்லை, நேரடித் தொடக்கம். நாடு முழுக்க எடுத்த கணக்கில், இ-சிகரெட் பிடிக்கும் 18 முதல் 24 வயதினரில் பத்தில் ஆறு பேர் அதற்கு முன் சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள்.

சிகரெட்டை விட இது உதவாதா என்று கேட்டால், உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான பரிசோதனையில், இ-சிகரெட் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள்; நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்றவை கிடைத்தவர்களில் 9.9 சதவீதம். ஆனால் இரு தரப்புக்கும் வாரம் ஒரு முறை நேரில் ஆலோசனையும் கிடைத்தது, குறைந்தது நான்கு வாரத்துக்கு. அந்த ஆலோசனை என்ற பாகம்தான் அமெரிக்க லத்தீனோக்களுக்கு எட்டாமல் போகிறது. 2015-இல் சிகரெட் பிடிக்கும் வெள்ளையர்களில் பத்தில் ஆறு பேருக்கு 'விட்டுவிடுங்கள்' என்று மருத்துவர் சொல்லியிருந்தார். லத்தீனோக்களில் பத்தில் நான்கு பேருக்குத்தான். மருத்துவக் காப்பீடு இல்லாதோர் விகிதம் இவர்களிடம் மிக அதிகம். மொழியும் குறுக்கே நிற்கும். கருவி மட்டும் மூலைக்கடையில் கிடைக்கிறது, ஆலோசனை கிடைப்பதில்லை. அப்போது சிகரெட்டும் போகாது, இதுவும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் பிடிப்பதை இரட்டைப் பயன்பாடு என்கிறார்கள். மூன்று சிகரெட்டை ஒன்றாக்கி மீதியை இதில் ஈடுகட்டுபவர் பாதியிலாவது வந்துவிட்டோம் என்று நினைப்பார். அந்த ஒரு சிகரெட் இதயத்துக்கு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்பானியத்தில் பேசும் இலவசத் தொலைபேசிச் சேவை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதன் எண்ணை எழுத்துகளாக அழுத்தினால் 'தேஹெலோ யா' என்று வரும். 'இப்போதே விட்டுவிடுங்கள்' என்று பொருள். மரியாதை வடிவத்தில்தான் சொல்கிறது, பாட்டி வீட்டில் பேசுவது போல. தெருத்தெருவாகப் போய்த் தங்கள் மக்களிடம் தங்கள் மொழியில் உடல்நலம் பேசும் 'ப்ரோமொத்தோராஸ்' என்ற பெண்களும் இருக்கிறார்கள். நம் ஊர் கிராமச் சுகாதாரச் செவிலியரைப் போலப் பயிற்சி பெற்ற செவிலியர் அல்ல இவர்கள். அதே தெருவில் வாழ்பவர்கள், அதனாலேயே கதவு திறக்கிறது.

வணிகம் சும்மா இருந்ததில்லை. 1980-களிலேயே சிகரெட் நிறுவனங்கள் ரியோ, டொராடோ என்று ஸ்பானியப் பெயர் வைத்து இந்த மக்களுக்கென்றே பிராண்டுகளை இறக்கின. இன்று பெயர் தேவையில்லை, மாம்பழமும் புதினாவும் போதும். 2020 ஜனவரியில் அமெரிக்க அரசு வாசனை பாட்களுக்குக் கடிவாளம் போட்டபோது யூஸ் அண்ட் த்ரோ வகையை விட்டுவிட்டது. சந்தை அந்த ஓட்டை வழியே போய்விட்டது. லத்தீனோக்கள் மிகுந்த கலிபோர்னியா, 2022 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு வைத்து வாசனைப் புகையிலைப் பொருட்களின் கடை விற்பனையைத் தடை செய்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ 2022-இல் விற்பனையைத் தடை செய்து, 2025 ஜனவரியில் அந்தத் தடையை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டது. ஒரே குடும்பத்தின் ஒரு பாதி தடையுள்ள நாட்டில், மறு பாதி மூலைக்கடையில் வாங்கக்கூடிய நாட்டில்.

கணக்கும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. நாடு முழுவதும் பெரியவர்களில் இ-சிகரெட் பிடிப்பவர்கள் 2019-இல் 4.5 சதவீதம், 2023-இல் 6.5. அந்த ஆண்டு 21 முதல் 24 வயதினரில் 15.5. லத்தீனோ சமூகத்தில் இனி பெருகப்போவது அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள். பாட்டியின் தலைமுறை தந்த பாதுகாப்பு வருடா வருடம் கரையும். பழைய 3.3-ஐ வைத்து நிம்மதியடைய முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

2024 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் 1977-இன் அந்தப் பழைய விதியைத் திருத்தியது. புதிய படிவத்தில் ஹிஸ்பானியர் அல்லது லத்தீனோ என்ற தலைப்புக்குக் கீழே மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடோர், கியூபா, டொமினிக்கன், குவாத்தமாலா என்று தனித்தனிக் கட்டங்கள் வருகின்றன, மற்றவர்கள் எழுதிக்கொள்ள ஒரு கோடும் உண்டு. சுகாதாரக் கணக்கெடுப்புகளும் இதைப் பின்பற்றத் தொடங்கினால், அந்த 33 பேரும் எந்தக் கட்டத்திலிருந்து வந்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.